பழைய டாப் லோட் வாஷிங் மெஷின் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி சேர்க்கணும், எங்க தேடறது, எதைப் பார்த்து வாங்கறது?

கோவைக்காரன்_ஒஹையோ

வணக்கம்ங்க. கொலம்பஸ் பக்கத்துல பேஸ்மென்ட்டோட ஒரு வீடு வாங்கி குடி வந்திருக்கோம். வீட்டோட வந்த வாஷர் புது மாடல், மூடி லாக் ஆகிடும், உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது, தண்ணி பத்தாம துணியை சும்மா பொரட்டிப் போடுது, இதுல கண்ட்ரோல் போர்டு வேற போயிடுச்சு, போர்டுக்கு கேட்ட வெலையில இன்னொரு மெஷினே வாங்கிடலாம் போல. எங்க தெருவுலயே ஒரு பாட்டி வீட்டுல ஹார்வெஸ்ட் கோல்டுங்கற மஞ்சள் கலர்ல ஒரு மேடேக் கம்பெனி வாஷர் இன்னும் தெனமும் ஓடுது. கல்யாணமான புதுசுல வாங்கினதுன்னு சொன்னாங்க. அதுல துணி சுத்தறதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு அந்த ஆசை புடிச்சிருச்சு.

ஒண்ணு வீட்டு உபயோகத்துக்கு வேணும், அதுக்கப்புறம் எடம் இருக்கற வரைக்கும் 50கள், 60கள், 70கள்ல வந்ததுல ரெண்டு மூணு சேர்த்து ரிப்பேர் பண்ணி ஓட வைக்கணும்னு இருக்கேன். ஸ்பேனர் புடிக்கத் தெரியும், வயரிங் ஓரளவு தெரியும், ஆனா வாஷர் இதுவரைக்கும் பிரிச்சதில்லை. கேள்வி என்னன்னா, எந்த கம்பெனி மெஷின்ல ஆரம்பிக்கறது நல்லது, எங்க தேடினா கெடைக்கும், விக்கறவங்க வீட்டுக்குப் போனா என்னத்தைப் பார்த்து நல்லது கெட்டது கண்டுபிடிக்கறது? இன்னொண்ணு, பின்னாடி ஊருக்குத் திரும்பிப் போறப்போ ஒண்ணைக் கப்பல்ல ஏத்தி கோயமுத்தூர் கொண்டு போக முடியுமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெல்ட்_ட்ரைவ்

வாங்க ப்ரோ. நீங்க இருக்கற எடமே நல்ல எடம், அதை மொதல்ல சொல்லிடறேன். க்ளைட்ங்கற ஊரு உங்க ஸ்டேட்லதான் இருக்கு, வேர்ல்பூல் 1952லேர்ந்து அங்கதான் வாஷர் பண்றாங்க. இன்னொரு பக்கம் டேட்டன், ஃப்ரிஜிடேர் ஜெனரல் மோட்டார்ஸ் கையில இருந்தப்போ அவங்க ஊரு அதுதான். தெற்கால லூயிவில்ல ஜிஇ. இந்த ஃபேக்டரிகள்ல வேலை பார்த்தவங்க, அவங்க சொந்தக்காரங்க வீட்டு பேஸ்மென்ட்ல எல்லாம் பழைய மெஷின் இன்னும் இருக்கு. நான் இருக்கறது அயோவா, மேடேக் பொறந்த நியூட்டன் எனக்குப் பக்கம். 1893ல விவசாயக் கருவி பண்ண ஆரம்பிச்ச கம்பெனி அது, வாஷர் அப்புறம்தான் வந்தது. 2006ல வேர்ல்பூல் வாங்கினாங்க, அடுத்த வருஷமே நியூட்டன் ஃபேக்டரியை மூடிட்டாங்க. அந்த ஊர்ல இருக்கற ஜாஸ்பர் கவுன்ட்டி மியூசியத்துல மேடேக்குக்குன்னு தனியா ஒரு பகுதியே வெச்சிருக்காங்க, இந்தப் பக்கம் வந்தா கண்டிப்பா பாருங்க.

எதுல ஆரம்பிக்கறதுன்னா என் பதில் ஒண்ணுதான், மேடேக், ஏ-ல ஆரம்பிக்கற மாடல். ஏ606, ஏ806, 80கள்ல வந்த ஏ712 இந்த மாதிரி. ஏன்னா இது எல்லாத்துலயும் அடிப்படை மெக்கானிசம் ஒண்ணே, பல வருஷம் மாத்தாம அதையே பண்ணினாங்க, அதனால ஒண்ணைப் பிரிச்சுக் கத்துக்கிட்டா மத்ததும் வந்துடும், பார்ட்ஸும் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் பெரும்பாலும் சேரும். 80கள் கடைசில கியர்பாக்ஸை மாத்திட்டாங்க. அதுவும் நல்ல மெஷின்தான், ஆனா முந்தின கியர்பாக்ஸ் கெட்டி, எனக்கு அது மேலதான் பிரியம்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பார்க்கறது சுலபம். மோட்டார் ஒரு பக்கம் சுத்தினா அஜிடேட்டர், அதாவது டப் நடுவுல நிக்கற இறக்கை வெச்ச தண்டு, ஆடும், அதே மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தினா ப்ரேக் விட்டு டப் முழுசா ஸ்பின் ஆகும். அவ்வளவுதான், சோலனாய்டு (கரன்ட் வந்தா இழுக்கற காந்தச் சுருள்) கிடையாது, கியர் மாத்தற வேலை கிடையாது. மோட்டாரும் ஒரே எடத்துல முறுக்கி வெச்சிருக்க மாட்டாங்க, ரோலர் மேல நகர்ற ஒரு தட்டுல உக்காந்திருக்கும், ஸ்ப்ரிங் இழுத்துப் பிடிச்சு பெல்ட்டுக்கு டென்ஷன் குடுக்கும். ஸ்பின் ஆரம்பிக்கறப்போ பெல்ட் கொஞ்சம் வழுக்கணும், அந்த வழுக்கல்தான் இங்க க்ளட்ச். இதனாலதான் காருக்குப் போடற பெல்ட் ஏதாவது ஒண்ணை அளவு பார்த்து மாட்டாதீங்கன்னு சொல்றது. அது கெட்டியாப் பிடிச்சுக்கும், மோட்டார் தெணறும். மேடேக்குக்குன்னு வர்ற பெல்ட் செட்டே வாங்குங்க, ரெண்டு பெல்ட், ஒண்ணு பம்புக்கு.

இப்போ விக்கறவங்க வீட்டுல பார்க்க வேண்டியது. போன்லயே சொல்லிடுங்க, "தண்ணி கனெக்ஷனைக் கழட்டாதீங்க, ஓட விட்டுப் பார்க்கணும்"னு. கையில டார்ச்சும் ஸ்க்ரூட்ரைவரும் கொண்டு போங்க. முன்பக்கத் தகட்டுக்கு அடியில ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், ப்ளக்கைப் புடுங்கிட்டு அதைக் கழட்டினா தகடு கையோட வந்துடும், மொத்த மெக்கானிசமும் கண்ணு முன்னால நிக்கும். டப்புக்கு அடியில நடு மையத்தைப் பாருங்க. அங்கேர்ந்து துரு கலர்ல தண்ணி வழிஞ்ச கோடு இருந்தா டப் சீல் போயிடுச்சுன்னு அர்த்தம், சீல் போய் ரொம்ப நாள் ஓட்டியிருந்தா பேரிங்கும் போயிருக்கும். கீழ தரையில எண்ணெய் சொட்டியிருக்கான்னும் பாருங்க, லேசா கசிஞ்ச ஈரம் பரவாயில்லை, குளம் கட்டியிருந்தா விட்டுடுங்க. அப்புறம் தகட்டை மாட்டிட்டு தண்ணி ரொப்பி ஓட விடுங்க. அஜிடேட்டர் ஆடறப்போ உள்டப் அசையாம நிக்கணும், மெதுவா நகர்ந்து சுத்த ஆரம்பிச்சா ப்ரேக் தேஞ்சிருக்கு. ஸ்பின்ல காது குடுத்துக் கேளுங்க, நல்ல மேடேக் சீரா ஒரு ஊங்காரம் போடும், அது ஏரோப்ளேன் கெளம்பற மாதிரி எரைஞ்சா பேரிங்தான். பேரிங் மாத்தலாம், ஆனா அந்தப் பெரிய நட்டைக் கழட்டறதுக்குன்னு தனி ரெஞ்ச் வேணும், மொத மெஷின்லயே அந்த வேலை வேண்டாம்.

டைமர் நாப்பை கடிகாரம் சுத்தற பக்கம் மட்டும் திருப்புங்க, எதிர்ப்பக்கம் திருப்பினா உள்ள இருக்கற கான்டாக்ட் வளைஞ்சுடும். விக்கறவங்களே வேகமா எதிர்ப்பக்கம் திருப்பிக் காட்டினா தடுத்துடுங்க. பழைய மெஷின்ல இன்னைக்கும் ரொம்பக் கஷ்டமா கெடைக்கற பார்ட் டைமர்தான். சீல், பெல்ட், பம்பு, ஹோஸ் இதெல்லாம் கெடைக்கும்.

மிச்சிகன்_மீனாட்சி

பெல்ட் ட்ரைவ் சொன்னது அத்தனையும் சரி, ஆனா மேடேக் மட்டும்தான் மெஷின்னு நெனச்சுடாதீங்க தம்பி. நானும் எங்க வீட்டுக்காரரும் ரொம்ப வருஷமா இதைத்தான் சேர்க்கறோம், எங்க வீட்டுல தெனப்படி வேலைக்கு ஓடறது 70கள்ல வந்த கென்மோர். கென்மோர்ங்கறது சியர்ஸ் கடையோட பேரு, உள்ள மெஷின் வேர்ல்பூலோடது, மாடல் நம்பர் 110ன்னு ஆரம்பிச்சு ஒரு புள்ளி இருந்தா அது வேர்ல்பூல் பண்ணினது. அமெரிக்கா முழுக்க அவ்வளவு வித்திருக்கு, அதனாலேயே பார்ட்ஸ் மெஷின் சுலபமா கெடைக்கும். பழைய பெல்ட் மாடல்ல மூடியைத் தொறந்து வெச்சாலும் துணி தொவைக்கறது நிக்காது, ஸ்பின் மட்டும்தான் நிக்கும். நானு பல நாள் காபியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னு பார்த்துட்டே இருப்பேன். துணி அஜிடேட்டர் ஓரமா உள்ள முழுகி வெளி ஓரத்துல மேல வருது பாருங்க, அந்த சுத்தல் வந்தாத்தான் துணி வெளுக்கும்.

அதுல பார்க்க வேண்டியது விக்-வேக். கியர்பாக்ஸ் மேல ரெண்டு சோலனாய்டு ஒரு கையில தொங்கிட்டு மெஷின் ஓடற நேரம் பூரா இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருக்கும், ஒண்ணு தொவைக்கறதுக்கு, ஒண்ணு ஸ்பின்னுக்கு. கரன்ட் வந்தா டக்குனு இழுக்கும், அந்த டக் சத்தம் ரூமுக்கு வெளியில கேக்கும். ஆடி ஆடி அதுக்குப் போற வயர் உள்ளுக்குள்ளயே அறுந்துடும், மேல ரப்பர் நல்லாத்தான் தெரியும். "மோட்டார் ஓடுது ஆனா துணி தொவைக்கலை", "தண்ணி போகுது ஆனா ஸ்பின் ஆகலை"ன்னு விளம்பரத்துல போட்டிருந்தா நான் ஒடனே போன் பண்ணிடுவேன், பாதிக்கு மேல அந்த வயர்தான் காரணமா இருக்கும், சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடலாம். விக்கறவங்களுக்கு அது செத்த மெஷின், அதனால சும்மாவே குடுத்துடுவாங்க. 80கள்ல வேர்ல்பூல் பெல்ட்டை எடுத்துட்டு டைரக்ட் ட்ரைவ் கொண்டு வந்தாங்க, அதுவும் தங்கமான மெஷின், மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒரு சின்ன ப்ளாஸ்டிக் கப்ளிங் இருக்கும், அதிக லோடு போட்டா அதுதான் ஒடையும், சல்லி வெலை. கலெக்ஷனுக்குன்னு யாரும் இன்னும் பெருசா தேடறதில்லை, வீட்டு உபயோகத்துக்கு கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

ஜிஇ ஃபில்டர்-ஃப்ளோ ஒண்ணு கட்டாயம் வெச்சுக்கோங்க. பம்பு தண்ணியைக் கீழேர்ந்து இழுத்து மேல கொண்டு வந்து அருவி மாதிரி கொட்டும், அது அஜிடேட்டர் தலையில மாட்டியிருக்கற ஒரு தட்டு வழியா விழும், பஞ்செல்லாம் அந்தத் தட்டுல தங்கிடும். பிள்ளைங்க பார்த்தா அந்த எடத்தை விட்டு நகர மாட்டாங்க. 90கள் நடுவு வரைக்கும் இந்த டிசைன் வந்தது, அதனால கெடைக்கறது கஷ்டமில்லை. ஆனா அந்த ஃபில்டர் தட்டைத்தான் பலபேர் எங்கயாவது தூக்கிப் போட்டிருப்பாங்க. சில மாடலுக்கு மினி பாஸ்கெட்னு ஒரு சின்னக் கூடை வரும், அஜிடேட்டர் மேலயே உக்காரும், நாலு துணி மட்டும் தொவைக்க. போறப்போவே கேளுங்க, "ஷெல்ஃப்ல, ட்ரையர் பின்னாடி, கராஜ்ல ஏதாவது தட்டு, கூடை இருக்கா"ன்னு. என்னோட மினி பாஸ்கெட்ல அந்த வீட்டம்மா உருளைக்கிழங்கு போட்டு வெச்சிருந்தாங்க, கேக்காம இருந்திருந்தா வந்திருக்காது.

ஃப்ரிஜிடேர் பத்தியும் சொல்லிடறேன், டேட்டன் உங்களுக்குப் பக்கம்கறதால கண்ணுல படும். மத்த மெஷின்ல அஜிடேட்டர் பக்கவாட்டுல ஆடும், ஜெனரல் மோட்டார்ஸ் காலத்து ஃப்ரிஜிடேர்ல மேலயும் கீழயும் குதிக்கும். 1947லேர்ந்து அப்படித்தான். ஸ்பின் வேகம் மத்தவங்களை எல்லாம் தூக்கி சாப்பிடும், துணி பாதி காஞ்சே வெளியில வரும். ஓடறப்போ பார்க்கறதுக்கு அதை மிஞ்சின மெஷின் கிடையாதுன்னு நான் சத்தியமே பண்ணுவேன். ஆனா 1979ல கம்பெனியை வித்துட்டாங்க, அந்த டிசைன் அதோட முடிஞ்சு போச்சு, ப்ளாண்ட்டுல பின்னாடி ட்ரக் பண்ணினாங்க, இப்போ அதே எடத்துல ஃபுயாவோங்கற சீனக் கம்பெனி கார் கண்ணாடி பண்றாங்க. அதனால பார்ட்ஸுன்னா இன்னொரு பழைய மெஷின்லேர்ந்துதான். மூணாவது, நாலாவது மெஷினா வாங்குங்க, மொதல்ல வேண்டாம்.

தேடறதுக்கு என் வழி இதுதான். ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், க்ரெய்க்ஸ்லிஸ்ட் ரெண்டுலயும் கம்பெனி பேரைப் போட்டுத் தேடறதைவிட "பழைய வாஷர்", "ஓடுது", "பேஸ்மென்ட்லேர்ந்து நீங்களே தூக்கிட்டுப் போகணும்" இந்த மாதிரி வார்த்தையைப் போடுங்க, கலர் பேரும் போடுங்க, அவகாடோ, ஹார்வெஸ்ட் கோல்டு, காப்பர்டோன். அது என்னன்னே தெரியாம விக்கறவங்க கலரைத்தான் எழுதுவாங்க, கம்பெனி பேரையும் தப்பாத்தான் எழுதுவாங்க. எஸ்டேட் சேல்ல, அதாவது ஒரு வீட்டுச் சாமானையெல்லாம் மொத்தமா விக்கறதுல, போட்டோ பூரா நிதானமா பாருங்க, சோஃபாவும் பீங்கானும் நூறு படம் இருக்கும், கடைசில ஒரு இருட்டு படத்துல பேஸ்மென்ட் மூலையில மெஷின் ஓரம் தெரியும். வாஷரை யாரும் படிக்கட்டு ஏத்தித் தூக்க விரும்ப மாட்டாங்க, அதனால கடைசி நாள் வரைக்கும் அங்கயே நிக்கும். நடத்தறவங்ககிட்ட போன் நம்பர் குடுத்துட்டு வாங்க, "விக்காட்டி நான் எடுத்துக்கறேன், எடத்தையும் சுத்தம் பண்ணிக் குடுக்கறேன்"னு சொல்லுங்க. விக்கற வீடுங்களோட விளம்பரப் படத்துல லாண்ட்ரி ரூம் படமும் பாருங்க, பழைய மெஷின் தெரிஞ்சா ஏஜென்ட்டுக்கு மரியாதையா ஒரு மெயில் போட்டுப் பாருங்க. பழைய வீட்டுச் சாமான் விக்கற ஹேபிடேட் ரீஸ்டோர் கடைக்கும் வாரம் ஒரு நடை போய்ட்டு வாங்க. தாமதம் மட்டும் பண்ணாதீங்க, நம்ம போட்டி இன்னொரு கலெக்டர் இல்லை, பழைய இரும்புக்கு எடை போடற ஆளுதான், அவரு காலையில வண்டியோட வந்துடுவாரு.

கோவைக்காரன்_ஒஹையோ

அக்கா, ப்ரோ, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஃபில்டர்-ஃப்ளோ தண்ணி கொட்டற வீடியோவை என் பொண்ணுக்குக் காட்டினேன், இப்போ அவ எனக்கு மேல ஆர்வமா இருக்கா. ரெண்டு சந்தேகம். 50கள் மெஷினை நேரா ப்ளக் மாட்டி ஓட்டிப் பார்க்கலாமா? கோயமுத்தூர் கொண்டு போறதைப் பத்தியும் யாராவது சொல்லுங்க, ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டா போதும்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னாரு.

மோட்டார்_வைண்டிங்

நான் எலக்ட்ரிகல் ஆளு, வாஷர் சேர்க்கறதில்லை, ஆனா இந்தக் கேள்விக்கு பதில் சொல்லியே ஆகணும். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் கொறைக்கும், ஃப்ரீக்வன்சியை மாத்தாது. அமெரிக்காவுல 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம ஊர்ல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த மெஷின்ல இருக்கறது இண்டக்‌ஷன் மோட்டார், அது சுத்தற வேகத்தை முடிவு பண்றதே ஃப்ரீக்வன்சிதான். அங்க நிமிஷத்துக்கு 1725 சுத்து சுத்தற மோட்டார் இங்க 1430 கிட்டதான் சுத்தும், அதாவது ஆறுல ஒரு பங்கு போச்சு, அஜிடேட்டரும் ஸ்பின்னும் அதே அளவுக்கு மெதுவாகும். டைமரை நகத்தற குட்டி மோட்டாரும் அப்படித்தான், 10 நிமிஷம் தொவைக்க வேண்டியது 12 நிமிஷம் ஆகும், அது பரவாயில்லை. பெரிய பிரச்சனை சூடு. 60 ஹெர்ட்ஸுக்கு சுத்தின வைண்டிங்குக்கு 50 ஹெர்ட்ஸ்ல அதே 120 வோல்ட் குடுத்தா இரும்பு கோர் சாச்சுரேட் ஆகி, அதாவது அதுக்கு மேல காந்தம் ஏற முடியாம, கரன்ட் அதிகமா இழுக்கும், மோட்டார் கொதிக்கும். வோல்டேஜுக்கும் ஃப்ரீக்வன்சிக்கும் உள்ள விகிதம் மாறாம இருக்கணும்னா 100 வோல்ட் குடுக்கணும். 100 வோல்ட் குடுத்தா சூடு கட்டுப்படும், ஆனா மோட்டாரோட சக்தியும் கொறையும், முழு லோடு போட முடியாது. சோலனாய்டு, தண்ணி வால்வு இதுவும் 50 ஹெர்ட்ஸ்ல அதிகமா சூடாகும்.

ட்ரான்ஸ்ஃபார்மர் அளவையும் மோட்டார் மேல எழுதியிருக்கற கரன்ட்டை மட்டும் பார்த்து எடுக்காதீங்க, ஸ்டார்ட் ஆகறப்போ அதைப் போல பல மடங்கு இழுக்கும், 2 முதல் 3 கேவிஏ இல்லாம எறங்காதீங்க. வேகத்தை சரி பண்ண மோட்டார்ல பெரிய புல்லி மாட்டணும், ஆனா அதை மாட்டினா மோட்டாருக்கு சுமை ஏறும், ஏற்கெனவே சக்தி கொறைஞ்ச மோட்டார். ஒழுங்கா பண்ணணும்னா அதே அளவுல 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மோட்டாரைப் போட்டு மவுன்ட்டும் புல்லியும் லேத்துல செஞ்சுக்கணும், கோயமுத்தூர்ல அதுக்கு பட்டறைக்குப் பஞ்சமே இல்லை, பம்பு மோட்டார் ஊரு அது. ஆனா மேடேக்குக்குப் போடற மோட்டார் ரெண்டு பக்கமும் சுத்தணும், சுவிட்ச்ல தெசை மாத்த முடியற மாதிரி வைண்டிங் முனைகள் வெளியில வந்திருக்கணும், அதைச் சொல்லி வாங்கணும். செய்ய முடியும், ஆசைக்கு செய்யறதுன்னா செய்யுங்க. தண்ணியையும் யோசிங்க, இந்த மெஷின் ஒரு முழு லோடுக்கு 150 லிட்டர் கிட்ட குடிக்கும்.

50கள் மெஷினை நேரா ப்ளக் மாட்டவே கூடாது. மொதல்ல வயரைப் பாருங்க, ரப்பர் இன்சுலேஷன் வளைச்சா பொடிப் பொடியா உதிருதுன்னா மொத்தமா மாத்தணும். அப்போ வந்த பல மெஷின்ல ரெண்டு பின் ப்ளக்தான், எர்த் வயர் தனியா தொங்கும், அதைக் கொழாயில கட்டியிருப்பாங்க. மூணு பின் கார்டு போட்டு பாடிக்கு எர்த் குடுத்து ஜிஎஃப்சிஐ அவுட்லெட்ல (கரன்ட் கசிஞ்சா ஒடனே கட் பண்ற ப்ளக் பாயின்ட்) மட்டும் ஓட்டுங்க. தண்ணியும் இரும்பும் கரன்ட்டும் ஒரே எடத்துல இருக்கு, இதுல சமாதானமே கிடையாது. 1979க்கு முந்தின கப்பாசிட்டர்ல பிசிபிங்கற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்பிருக்கு, அந்த வருஷம்தான் அமெரிக்காவுல அதைத் தடை பண்ணினாங்க. உப்பியோ கசிஞ்சோ இருந்தா வெறும் கையால தொடாதீங்க, கவர்ல போட்டு ஆபத்தான கழிவு வாங்கற எடத்துல குடுத்துடுங்க.

மிச்சிகன்_மீனாட்சி

150 லிட்டர்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்தது. சட்ஸ் சேவர்னு ஒரு வசதி இருந்தது தம்பி, கென்மோர்லயும் வேர்ல்பூல்லயும் நெறைய மாடல்ல வந்தது. சோப்புத் தண்ணியை வெளியில விடாம பக்கத்துல இருக்கற சிமெண்ட் தொட்டியில கொண்டு போய் விடும், வெள்ளைத் துணி முடிஞ்சதும் அதே தண்ணியை பம்பு திரும்ப இழுத்துக்கும், அடுத்த லோடு கலர் துணி. மாடல்ல அந்த வசதி இருந்தா பின்னால ஹோஸ் ஒண்ணுக்கு ரெண்டா தொங்கும், பேனல்லயும் எழுதியிருக்கும். பேஸ்மென்ட்ல தொட்டி இருக்கற வீடுன்னா இதைத் தேடிப் புடிங்க. எங்க வீட்டுல இன்னும் அப்படித்தான் தொவைக்கறோம்.

கொலராடோல ஈட்டன்ங்கற ஊர்ல லீ மேக்ஸ்வெல்னு ஒருத்தர் ஆயிரத்துக்கும் மேல வாஷிங் மெஷின் சேர்த்து மியூசியமே வெச்சாரு, மரத்துல பண்ணினது, கையால சுத்தறதுலேர்ந்து எல்லாம். ரெண்டு மூணுலதான் எல்லாரும் ஆரம்பிக்கறது, எடம் பார்த்து வாங்குங்க.

கோவைக்காரன்_ஒஹையோ

ஒரு மெஷின் கண்ணுல பட்டிருக்குங்க! டேட்டன் போற வழியில ஒரு எஸ்டேட் சேல், பேஸ்மென்ட்ல ஒரு மேடேக் ஏ806, வெள்ளை. அக்கா சொன்ன மாதிரி மூலையில இருட்டுப் படத்துலதான் தெரிஞ்சுது. நேத்து போய் பார்த்துட்டேன். அடியில தகட்டைக் கழட்டிப் பார்த்தேன், மையத்துல துரு கோடு இல்லை, எண்ணெய் சொட்டலை. தண்ணி ரொப்பி ஓட்டினோம், டப் அசையலை. ஆனா ஸ்பின் எடுக்கறப்போ கிறீச்சுன்னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல அதுவா நின்னு நல்லா சுத்துது. அப்புறம் அஜிடேட்டரைக் கையால தூக்கிப் பார்த்தேன், இம்மியும் அசையலை. மூடி ஓரத்துல சின்ன எடத்துல எனாமல் பேந்து துரு. 60 டாலர் கேக்கறாங்க, ஞாயித்துக்கிழமை போனா கொறையும் போல. வாங்கலாமா? எப்படி ஏத்திட்டு வர்றது?

பெல்ட்_ட்ரைவ்

ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க ப்ரோ, 60 குடுத்து இன்னைக்கே எடுங்க. ஏ806 அவங்க மேல் வரிசை மாடல், நீங்க சொல்ற அடையாளமெல்லாம் நல்ல மெஷினோட அடையாளம். கிறீச் சத்தம் பெல்ட் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆனதாலயோ, மோட்டார் தட்டோட ரோலர்ல க்ரீஸ் காஞ்சு போனதாலயோ இருக்கும். பெல்ட் செட் மாத்துங்க, மோட்டார் தட்டை எறக்கி பழைய க்ரீஸை சுரண்டி எடுத்துட்டு புது க்ரீஸ் வையுங்க, தட்டு கையால தள்ளினா தடையில்லாம போய்ட்டு ஸ்ப்ரிங்கால திரும்பி வரணும். பெல்ட்ல க்ரீஸ் பட்டுடக் கூடாது.

அஜிடேட்டர் அசையாதது இந்த மெஷின்ல சகஜம், உள்ள சோப்பும் பஞ்சும் சேர்ந்து ஒட்டிக்கிட்டு இருக்கும். நெம்பாதீங்க, ஓரம் ஒடைஞ்சா அதே மாதிரி அஜிடேட்டர் தேடி அலையணும். நல்ல கொதிக்கற சூட்டுல தண்ணி ரொப்பி ஊற விடுங்க, அப்புறம் ரெண்டு பக்க இறக்கைக்கும் அடியில பட்டையான நாடா ஒண்ணைக் குடுத்து நேர் மேல சமமா இழுங்க. ஒரே தடவைல வரலைன்னா மறுபடி சூடு தண்ணி, மறுபடி இழுங்க. வந்ததும் தண்டைத் தொடைச்சு சுத்தம் பண்ணிட்டு, மேல இருக்கற சீலைப் பாருங்க, வெடிச்சிருந்தா அதையும் அப்போவே மாத்திடுங்க, தண்ணி கியர்பாக்ஸுக்குள்ள எறங்கறது அந்த வழியாத்தான். மூடி ஓரத்துத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எபாக்ஸி எனாமல் பெயின்ட் தொட்டு வையுங்க. டப்புக்கு உள்ள பேந்திருந்தாத்தான் கவலைப்படணும்.

ஏத்தறதுக்கு ரெண்டு ஆளும் அப்ளையன்ஸ் டாலியும் (மெஷினைக் கட்டி உருட்டற தள்ளுவண்டி) வேணும், படிக்கட்டுல கீழ் பக்கம் நிக்கறவர் பலசாலியா இருக்கட்டும். தூக்கறதுக்கு முன்னாடி வடிகால் ஹோஸைத் தரையில எறக்கி ஒரு பக்கெட்ல விடுங்க, பம்புல நிக்கற தண்ணி வந்துடும். குளிர் காலத்துல அந்தத் தண்ணியோட கராஜ்ல போட்டு வெச்சா ஒறைஞ்சு பம்பு வெடிச்சுடும். டப்பு ஆடாம பழைய போர்வையை ரெண்டு பக்கமும் திணிச்சுடுங்க, வண்டியில நிக்க வெச்சே கொண்டு வாங்க. படுக்க வெச்சா கியர்பாக்ஸ் எண்ணெய் மேல் சீல் வழியா கசிஞ்சு பெல்ட்டுல எறங்கிடும். வீட்டுக்கு வந்ததும் பழைய தண்ணி ஹோஸை எடுத்து எறிஞ்சுட்டு புது ஹோஸ் போடுங்க, கால் நாலும் தரையில பதியுதான்னு ரசமட்டம் வெச்சுப் பாருங்க. பெல்ட் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி மாடல் நம்பர் தகட்டைப் படம் புடிச்சு இங்க போடுங்க, எந்த பெல்ட் செட்டுன்னு பார்த்து சொல்றேன்.